எதிரியை விலக விடாத வார்டன்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், கல்லூரிக் காலத்திலிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். நீண்ட நாள் 4ஆம் பதிப்பிலேயே இருந்துவிட்டு, இப்போதுதான் 5ஆம் பதிப்பின் 2024 விதிகளுக்கு மாறலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். என் கேரக்டர் ஒரு கோலியாத் வார்டன், 7ஆம் லெவல், எர்த்ஸ்ட்ரெங்த் வகை. புதிய புத்தகத்தில் வார்டன் என்ற கிளாஸே இல்லை. ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் கேட்டால், "ஓத் ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ் பாலடின் எடுத்துக்கோ, அதுவும் காடு மரம் சமாச்சாரம்தான்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் பவர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புதிய விதிக்கு மாற்றி 20 லெவலுக்கு ஒரு கிளாஸ் எழுதலாமா என்று பார்க்கிறேன். அது சரிப்படுமா? எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: சரிப்படாது. ஒரே ஒரு ஆட்டக்காரருக்காக 20 லெவல் கிளாஸ் எழுதி முடிப்பதற்குள் உங்கள் கேம்பெய்னே முடிந்துவிடும். முடிந்தாலும், அதை ஆடிச் சோதிக்க உங்கள் ஒரு மேஜை போதாது. முழு கிளாஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், மேஜ் ஹேண்ட் பிரெஸ் வெளியிட்ட 'வால்டாஸ் ஸ்பையர் ஆஃப் சீக்ரெட்ஸ்' புத்தகத்தில் 5ஆம் பதிப்புக்கான வார்டன் ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. அதை டிஎம்மிடம் காட்டுங்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது உங்கள் பழைய வார்டன். அதற்குக் கைவசம் உள்ள கிளாஸ் ஒன்றை எடுத்து இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கை வைத்தால் போதும். எந்த இடங்கள் என்பதில்தான் சூட்சுமம்.

முதலில் வார்டன் மேஜையில் என்ன வேலை செய்தார் என்று பார்ப்போம். 2009 மார்ச்சில் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2'தான் பிரைமல் என்ற சக்தி மூலத்தையே கொண்டுவந்தது. பார்பேரியன், ட்ரூயிட், ஷாமன், வார்டன் என்று நான்கு கிளாஸ்கள். நால்வரில் வார்டன் மட்டுமே டிஃபெண்டர். முள், பனி, கல், மரம் என்று வர்ணனை எப்படியிருந்தாலும் வேலை ஒன்றுதான்: பக்கத்தில் வந்த எதிரி விலகிப் போகக் கூடாது. கபடியில் ரெய்டர் கோட்டைத் தொடப் போகும் நேரத்தில் கணுக்காலைப் பிடித்து உட்கார்ந்துவிடும் கார்னர் ஆட்டக்காரர்தான் வார்டன். அடித்து வீழ்த்துவது அடுத்தவர் பாடு.

டிஎம் சொன்ன பாலடினில் குறைபடுவது இதுதான். பெயர்களைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஏன்ஷியன்ட்ஸ் பாலடினுக்கு 'நேச்சர்ஸ் ராத்' என்றே ஒரு திறன் உண்டு. வார்டனின் மார்க் திறனுக்கும் அதே பெயர். 20ஆம் லெவலில் 'எல்டர் சாம்பியன்' என்று வார்டனின் வடிவங்களை நினைவூட்டும் உருமாற்றமும் வருகிறது. ஆனால் முதலாவது, சேனல் டிவினிட்டியைச் செலவழித்து எப்போதாவது செய்வது. இரண்டாவதைப் பார்க்க நீங்கள் இன்னும் 13 லெவல் ஏற வேண்டும். நடுவில் உள்ள அத்தனை சண்டைகளிலும் நீங்கள் ஸ்மைட் அடிக்கும், கைவைத்துக் குணப்படுத்தும் பாலடினாகத்தான் இருப்பீர்கள். கதை போதும், சண்டையில் என்ன வேலை என்பது முக்கியமில்லை என்பவர்களுக்கு அது நல்ல தேர்வுதான். மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருப்பதால் நீங்கள் அந்த ரகம் இல்லை.

நான் சொல்வது 2024 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில் உள்ள 'பாத் ஆஃப் தி வேர்ல்டு ட்ரீ' பார்பேரியன். பார்பேரியன் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 4ஆம் பதிப்பில் இருவரும் ஒரே புத்தகத்தில் ஒரே சக்தி மூலத்தோடு வந்த பங்காளிகள். வேர்ல்டு ட்ரீயின் 6ஆம் லெவல் திறனைப் படித்துப் பாருங்கள். பார்பேரியனின் ரேஜில் இருக்கும்போது, உங்களிடமிருந்து 30 அடிக்குள் யாராவது தன் டர்னைத் தொடங்கினால், உங்கள் ரியாக்‌ஷனைச் செலவழித்து ஆவிக் கிளைகளால் பற்றலாம். ஸ்ட்ரெங்த் சேவில் தோற்றால் அந்த எதிரி உங்கள் பக்கத்துக் கட்டத்துக்கு வந்து விழுவான். விரும்பினால் அந்த டர்ன் முடியும்வரை அவன் வேகத்தைப் பூஜ்யமாக்கலாம். உங்கள் 'வார்டன்ஸ் கிராஸ்ப்' எதிரியை ஒரு கட்டம்தான் நகர்த்தியது. இது அதைவிட முரட்டுப் பிடி. 7ஆம் லெவலில் ஸ்ட்ரெங்த் 18 என்றால் சேவ் டிசி 15. ஸ்ட்ரெங்த் சேவ் +2 உள்ள எதிரி 100க்கு 60 முறை மாட்டுவான்.

உடம்பும் கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. கான்ஸ்டிட்யூஷன் 18 உள்ள 7ஆம் லெவல் வார்டனுக்குப் பழைய கணக்கில் 17+18, பிறகு லெவலுக்கு 7 வீதம் ஆறு லெவல்: 77 ஹிட் பாயிண்ட். அதே கான்ஸ்டிட்யூஷனில் 7ஆம் லெவல் பார்பேரியனுக்குச் சராசரிக் கணக்கில் 82. ஆனால் இந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வார்டனுக்கு 9+4 என்று 13 ஹீலிங் சர்ஜ்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 19. அதாவது ஒரு நாளைக்கு 247 ஹிட் பாயிண்ட் கையிருப்பு. புதிய விதியில் ஏழு ஹிட் டைஸ். சராசரியாக 73 கிடைத்தால் அதிகம். இந்தப் பள்ளத்தை நிரப்புவது ரேஜ். வெட்டு, குத்து, மொத்து மூன்றிலும் பாதி சேதம்தான் உங்களுக்கு. ரேஜ் தொடங்கும்போது லெவல் அளவுக்குத் தற்காலிக ஹிட் பாயிண்டும் வேர்ல்டு ட்ரீ தருகிறது. அதனால் சர்ஜை எப்படிக் கொண்டுவருவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி மார்க். உங்கள் கேரக்டரின் உயிர் இங்கேதான். விதி மாற்றத்தில் அதிகம் அடிபட்டதும் இதுதான்.

4ஆம் பதிப்பில் உங்கள் டர்னில் ஒரு முறை, எந்த ஆக்‌ஷனும் செலவழிக்காமல், பக்கத்தில் உள்ள எதிரிகள் எல்லோரையும் மார்க் செய்தீர்கள். உங்களை விட்டுவிட்டு வேறொருவரைத் தாக்கினால் அவர்களுக்கு –2. 5ஆம் பதிப்பில் இப்படிச் சின்னச் சின்னக் கழித்தல் குறைவு. அதன் இடத்தில் டிஸ்அட்வான்டேஜ் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டுவிடுவார்கள். ஒன்றல்ல. பகடையில் 8 வந்தாலே அடி விழும் என்ற எதிரிக்கு வாய்ப்பு 65 சதவீதம். –2 போட்டால் 55. டிஸ்அட்வான்டேஜ் போட்டால் 42. இந்தத் தண்டனையைப் பக்கத்தில் உள்ள எல்லா எதிரிக்கும் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தால் டிஎம் இரண்டாவது சண்டையிலேயே உங்கள் ஷீட்டைக் கிழித்துவிடுவார். அதிகாரபூர்வமான கிளாஸ்கள் எவ்வளவு கைச்சிக்கனமாக இருக்கின்றன பாருங்கள். 2017இல் வந்த 'சானதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்' புத்தகத்தின் ஆன்செஸ்ட்ரல் கார்டியன், டர்னில் முதலில் அடித்த ஒரே எதிரிக்குத்தான் இதைத் தருகிறார். அதே புத்தகத்தின் கேவலியர் அடித்தவர்களை எல்லாம் மார்க் செய்யலாம், ஆனால் எதிரி 5 அடிக்குள் நிற்கும்வரைதான் அது செல்லும்.

கேவலியரின் அந்த நிபந்தனையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஜில் இருக்கும்போது உங்கள் டர்னில் ஒரு முறை, 5 அடிக்குள் உள்ள எல்லா எதிரிக்கும் மார்க். அடுத்த டர்ன் தொடங்கும்வரை, அவர்கள் உங்கள் பக்கத்தில் நின்றபடி வேறு யாரையாவது தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ். விலகிப் போய்விட்டால் தண்டனை இல்லை.

விலகிப் போனால் என்ன செய்வது? பழைய விதியின் இன்னொரு பல்லும் இங்கே உதிர்ந்திருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 4ஆம் பதிப்பில் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கும், 'வார்டன்ஸ் ஃபியூரி' போன்ற இமீடியட் ஆக்‌ஷனும் தனித்தனி உண்டியல்கள். முன்னதை ஒவ்வொரு எதிரியின் டர்னிலும் ஒரு முறை செய்யலாம்; பின்னது ரவுண்டுக்கு ஒன்று. 5ஆம் பதிப்பில் எல்லாமே ஒரே ரியாக்‌ஷனுக்குள் அடக்கம். முதல் எதிரி ஓடும்போது அடித்துவிட்டால், இரண்டாமவன் உங்கள் கண்ணெதிரே நிதானமாக நடந்து போவான். பழைய விதியில் யாருக்கும் கிடைத்த அந்தச் சலுகை இப்போது எவ்வளவு விலை உயர்ந்தது தெரியுமா? கேவலியருக்கு அது 18ஆம் லெவலில்தான் வருகிறது.

நல்லவேளையாக 2014 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்'டில், விருப்ப விதிகளுக்கு நடுவே மார்க்கிங் என்று ஒரு பத்தி ஒளிந்திருக்கிறது. மார்க் ஆன எதிரி மீது அடிக்கும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்குக்கு அட்வான்டேஜ் உண்டு, ரியாக்‌ஷன் செலவாகாது, டர்னுக்கு ஒன்றுதான். அட்வான்டேஜை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ரியாக்‌ஷன் கிளைகளுக்காகக் கையில் மிச்சமிருக்கும். ஆனால் ஒரு கறாரான நிபந்தனை: சென்டினல் ஃபீட் எடுக்கக் கூடாது. ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் பட்டால் எதிரியின் வேகம் பூஜ்யம் என்பது அந்த ஃபீட். செலவில்லாமல் டர்னுக்கு ஒன்று என்பதோடு அதைச் சேர்த்தால், உங்கள் பக்கத்தில் வந்தவன் எவனும் உயிரோடு நகர மாட்டான். டிஎம் பாவம்.

பார்பேரியனிடமே இன்னொரு மார்க் இருக்கிறது. ரெக்லஸ் அட்டாக். அதைப் பயன்படுத்தினால் உங்களை அடிப்பவர்களுக்கு அட்வான்டேஜ். சாதாரணமாக அது ஒரு விலை. உங்களுக்கு அது தூண்டில். மேலே சொன்ன அதே எதிரியின் கணக்கைப் போடுங்கள்: மந்திரவாதியை அடித்தால் 42 சதவீதம், உங்களை அடித்தால் 88. இரண்டு பேருடைய ஆர்மர் கிளாஸும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் இது. எந்த எதிரியும் உங்களைத்தான் அடிப்பான். அடித்தது பாதியாகத்தான் இறங்கும். மார்க் என்றால் எதிரி முன் வைக்கும் இரண்டு கெட்ட தேர்வுகள்தான். லாங்ஸ்வோர்டின் சாப் மாஸ்டரி அதற்கு ஈடாகாது என்று சொல்வதும் இதனால்தான். சாப் எதிரியின் அடுத்த அடியை யார் மீதானாலும் கெடுக்கிறது. உங்களை அடிக்க அவனுக்குப் புதிதாக ஒரு காரணமும் தருவதில்லை.

ஓர் ஓட்டையை டிஎம்மிடம் முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள். பழைய விதியில் ஃபயர்பால் எறிபவர்கூட ஒவ்வொருவரின் ரிஃப்ளெக்ஸுக்கு எதிராகவும் தாக்குதல் பகடைதான் உருட்டினார், அதனால் மார்க்கின் –2 அவரையும் தொட்டது. இப்போது சேவ் போடுவது அடி வாங்குபவர். டிஸ்அட்வான்டேஜுக்கு அங்கே வேலையே இல்லை. பக்கத்தில் நிற்கும் எதிரி மந்திரவாதி உங்களை விட்டுவிட்டு உங்கள் நண்பர்கள் மீது நெருப்பைக் கொட்டலாம். என் யோசனை: மார்க் ஆன எதிரி, உங்களைச் சேர்க்காமல் மற்றவர்களைச் சேவ் போட வைத்தால், ரியாக்‌ஷனாக ஒரு அடி. அது தான் உங்கள் ஃபியூரி. கிளைகளுக்கும் இதற்கும் இடையே ரவுண்டுக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பழைய ஃபியூரிக்கும் கிராஸ்புக்கும் இடையே நீங்கள் தேர்ந்தெடுத்ததும் அப்படித்தான்.

இரண்டாவது மாற்றம் 'ஃபான்ட் ஆஃப் லைஃப்'. டர்ன் தொடங்கும்போதே ஒரு விளைவுக்கு எதிராகச் சேவ் உருட்டலாம் என்ற அந்தத் திறன் இல்லாத வார்டனை நான் வார்டன் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்திலிருப்பவர்கள் எல்லாம் உறைந்து நிற்கும்போது ஒருவர் மட்டும் தோளைக் குலுக்கிவிட்டு நடப்பதுதானே அந்தக் கிளாஸின் அழகு! பழைய சேவ் என்பது 10 வந்தால் தப்பிக்கலாம், 55 சதவீதம். டர்னின் இரு முனையிலும் உருட்டியதால் கிட்டத்தட்ட 80. புதிய விதியில், விஸ்டம் சேவ் +1 இருப்பவர் டிசி 15ஐத் தாண்ட 35 சதவீதம். இரண்டு முறை உருட்டினால் 58. பழையதைவிட மெலிந்ததுதான். ஆகவே பயப்படாமல் கொடுக்கலாம். விதி இப்படி இருக்கட்டும்: டர்ன் முடிவில் மறுபடி சேவ் போட அனுமதிக்கும் விளைவு எதுவாக இருந்தாலும், தொடக்கத்திலும் ஒரு முறை போடலாம். மறுசேவ் இல்லாத சாபங்களுக்கு இது செல்லாது.

இவற்றுக்கு ஈடாக எதையாவது கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற நால்வரும் முணுமுணுப்பார்கள். பார்பேரியனின் வேகம் சம்பந்தப்பட்டது எல்லாம் வார்டனுக்குத் தேவையில்லாத சுமை. மார்க்குக்காக 2ஆம் லெவலின் டேஞ்சர் சென்ஸையும் 5ஆம் லெவலின் ஃபாஸ்ட் மூவ்மென்டையும் விடுங்கள். ஃபான்ட் ஆஃப் லைஃபுக்காக 7ஆம் லெவலில் வரும் ஃபெரல் இன்ஸ்டிங்க்ட், இன்ஸ்டிங்க்டிவ் பவுன்ஸ் இரண்டையும் விடுங்கள். மலைபோல் நிற்கும் ஆள் எதற்குப் பாய வேண்டும்?

வடிவங்கள் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் நிச்சயம் மனதில் இருக்கும். 7ஆம் லெவலில் வடிவமெடுக்க உங்களுக்கு இரண்டு டெய்லி பவர்கள். பார்பேரியனுக்கு நான்கு ரேஜ். ரேஜ் என்று ஷீட்டில் எழுதியிருப்பதை வடிவம் என்று படியுங்கள். ஆத்திரம் வேண்டாம், தோல் பட்டையாகிறது, தாடியில் பனி பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு அதே விதியை ஆடலாம். 'ஃபார்ம் ஆஃப் வின்டர்ஸ் ஹெரால்ட்' எடுத்திருந்தீர்கள் என்றால் அதன் உறைந்த தரையையும் கேட்டு வாங்கிவிடுங்கள். எவ்வளவு பெரிய வட்டம் என்பதற்கு அளவுகோல் சானதாரில் உள்ள 'கார்டியன் ஆஃப் நேச்சர்' மந்திரம். அதன் பெருமர வடிவம் சுற்றிலும் 15 அடியை எதிரிகளுக்கு மட்டும் கடினத் தரையாக்குகிறது. அது 4ஆம் நிலை மந்திரம். 7ஆம் லெவல் ட்ரூயிடுக்கு அந்த ஸ்லாட் ஒன்றுதான். நாளைக்கு நான்கு முறையாவது செய்யப்போகிற நீங்கள் 10 அடியோடு நிறுத்திக்கொள்வது நியாயம். அந்த மந்திரத்தையே ரேஞ்சர் லெவல் எடுத்துப் பெறலாமே என்று நினைக்காதீர்கள்: ரேஜில் மந்திரம் போடவும் முடியாது, கான்சென்ட்ரேஷனும் நிற்காது.

10 அடி போதுமா என்று சந்தேகம் வந்தால் கட்டத்தாளில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு 20 அடி நேர் பின்னால் மந்திரவாதி. உங்கள் எதிரே, ஒட்டினாற்போல், 30 அடி வேகமுள்ள ஒரு வாள்வீரன். வெறும் தரையில் அவன் உங்களைச் சுற்றிக்கொண்டு நான்கு கட்டம் நடந்தால் மந்திரவாதியின் பக்கத்தில் நிற்பான், கையில் 10 அடி மிச்சமும் இருக்கும். உறைந்த தரையில் முதல் மூன்று கட்டமும் இரட்டைச் செலவு. 30 அடியும் அதிலேயே தீர்ந்து, வாள் எட்டாமல் ஒரு கட்டம் முன்னால் நின்றுவிடுவான். போகும் வழியில் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தைத் தாண்டியபோது மார்க் புண்ணியத்தில் ஓர் அடியும் வாங்கியிருப்பான். டேஷ் செய்து போய்ச் சேர்ந்தாலும் அந்த டர்னில் அடிக்க முடியாது. அடுத்த டர்னை 30 அடிக்குள்தானே தொடங்கப்போகிறான்? கிளைகளை நீட்டி இழுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுதத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கேடயம் ஒரு கையில், பேட்டில்ஆக்ஸ் அல்லது வார்ஹாமர் மறு கையில். இரண்டும் வெர்சடைல் வகை, 10ஆம் லெவலில் வேர்ல்டு ட்ரீ வேர்கள் மூலம் கைநீளம் 10 அடி கூடும்போது அந்த வகைக்குப் பலன் உண்டு. கான்ஸ்டிட்யூஷனை ஆர்மர் கிளாஸில் சேர்த்த எர்த்ஸ்ட்ரெங்த் பழக்கத்தை பார்பேரியனின் கவசமில்லாத் தற்காப்பு பார்த்துக்கொள்ளும். டெக்ஸ்டெரிட்டி 10 என்றால் கேடயத்தோடு 16. போதவில்லை என்றால் ஹாஃப்பிளேட் மாட்டி அதை மரப்பட்டை என்று வர்ணியுங்கள். பழைய ஷீட்டின் மாயப் பொருள்களையும், பாதி லெவல் கூட்டலையும் மறந்துவிடுங்கள். 5ஆம் பதிப்பின் எண்கள் மெதுவாக ஏறுபவை.

டிஎம்மிடம் இதை நிரந்தரம் என்று கேட்காமல் ஒரு சாகசத்துக்கு மட்டும் என்று கேளுங்கள். பக்கத்தில் உள்ள எல்லோருக்கும் மார்க் என்பது அதிகமாகப் பட்டால், முதலில் குறைக்க வேண்டியது எண்ணிக்கையை: அந்த டர்னில் நீங்கள் அடித்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினால் 7ஆம் லெவலில் அநேகமாக இருவரோடு நின்றுவிடும். டிஸ்அட்வான்டேஜில் கை வைக்க விடாதீர்கள். உங்கள் மேஜையில் கட்டத்தாள் இல்லாமல் வாய்வழியாகவே சண்டை நடக்கிறது என்றால் மட்டும் உறைந்த தரையை விட்டுவிட்டு வேறு வடிவம் எடுங்கள், ஒவ்வொரு டர்னிலும் "அவன் என்னிடமிருந்து எத்தனை அடி?" என்று கேட்டு டிஎம்மை நச்சரிக்க வேண்டியிருக்கும்.